கோணல் வட்டத்தின் கோப்பு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் படுத்துத் தூங்கத் தெரியாத மனிதர்களால்தான் இந்த உலகத்தில் பாதித் தொல்லை. நிதானத்தின் மச்சினன் அந்த ஜாதி. தொழில் தச்சு. கைவேலை பிரமாதம், வாய் அதைவிடப் பிரமாதம். அந்த ஞாயிறு கடைத்தெருவில் எலக்ட்ரீஷியன் தன் போனை நீட்டி, "இங்க பாரு, கோதுமை வயல்ல பயிர் வட்டம் வட்டமா படுத்துக் கிடக்கு. மனுஷன் செய்யுற காரியமா இது? மேலேருந்து எவனோ வந்து போட்டுட்டுப் போயிருக்கான்" என்றான். தச்சன் படத்தை ஒரு முறை பார்த்தான். "ஒரு பலகை, ஒரு கயிறு, ரெண்டு மணி நேரம். நான் போட்டுக் காட்டறேன்" என்றான். சொன்னதோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. போட்டும் காட்டினான். யார் வயலில்? சொந்த அக்காள் புருஷன் வயலில்.

அந்த அக்காள் புருஷனைத்தான் ஊர் நிதானம் என்று கூப்பிடும். கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை என்பதால் வந்த பட்டப்பெயர். ஐந்து மாதம் பாடுபட்டு, கதிர் முற்றி, வெள்ளிக்கிழமை அறுவடைக்குக் காத்திருந்த வயல் அது.

ஒளிவு மறைவாகச் செய்த வேலையும் இல்லை. பட்டப்பகல். வயலுக்குப் பக்கத்திலேயே ரோடு. தபால்காரர் சைக்கிளை நிறுத்தி, "என்னப்பா பண்றே?" என்று கேட்டார். "வட்டம் போடறேன்" என்றான். "கயித்தை இழுத்துப் பிடி, தொய்யுது பாரு" என்று யோசனையும் சொல்லிவிட்டுப் போனார். நடுவில் ஒரு முளைக்குச்சி, அதில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் பலகை. பலகையைக் காலால் அழுத்தி அழுத்திச் சுற்றி வரவேண்டியது, பயிர் படுத்துக்கொள்ளும். இவ்வளவுதான் பிரபஞ்ச ரகசியம். நடுவில் மண் ஈரமாக இருந்ததால் முளைக்குச்சி ஒரு சாண் நகர்ந்துவிட்டது. வட்டம் கோழிமுட்டை மாதிரி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. எலக்ட்ரீஷியன் மின்கம்பத்தில் ஏறிப் படம் எடுத்து, தோற்ற எரிச்சலில் "நம்ம ஊரிலும் வந்துவிட்டார்கள்" என்று எழுதி உலகத்துக்கே அனுப்பிவைத்தான்.

திங்கட்கிழமை காலை வெள்ளை வேனில் புதிர் நிகழ்வு ஆய்வு நிலையம் வந்து இறங்கியது.

நிதானம் பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்தபோது, வயலின் வடக்குப் பாதியைச் சுற்றி மஞ்சள் ரிப்பன் கட்டியாகிவிட்டது. ஒருவர் சின்னப் பெட்டி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு பயிருக்குள் நடந்தார். அது அவ்வப்போது கீச் என்றது. நடுவில் கண்ணாடி போட்ட, வெயிலிலும் கோட்டைக் கழற்றாத ஒருவர் நின்றிருந்தார். அவர்தான் நிலையத்தின் இயக்குநர்.

"சார், என்ன இது?" என்றார் நிதானம், வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு.

"அதைத்தான் ஐயா நாங்களும் கேட்கிறோம். என்ன இது!" என்று சொல்லி இயக்குநர் வானத்தைப் பார்த்தார்.

"இது என் மச்சினன் வேலை சார். நேத்து மத்தியானம் போட்டான். கூப்பிட்டா வருவான். பின்னாடி தெருதான்."

இயக்குநர் சிரித்தார். குழந்தை ஏதோ உளறினால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. "எல்லா இடத்திலும் முதல் நாள் இப்படித்தான் சொல்வார்கள். பயத்தில் மனம் ஒரு எளிய காரணத்தைத் தேடும். உங்களைக் குற்றம் சொல்லமாட்டேன்."

"எனக்கு ஒரு பயமும் இல்ல சார். வெள்ளிக்கிழமை மெஷின் வருது. எனக்கு அந்த பயம்தான்."

விஷயம் அதுதான். அறுவடை இயந்திரம் ஒன்றே ஒன்று, அதற்குப் பதினோரு ஊர். வெள்ளிக்கிழமை முறையைத் தவறவிட்டால் அடுத்த முறை மூன்று வாரம் கழித்து. ரேடியோவோ சனிக்கிழமை மழை என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது. முற்றிய கோதுமை நின்றபடி நனைந்தால் கதிரிலேயே முளைவிடும். அதன் பிறகு மாட்டுக்குத்தான் போடலாம். இதையெல்லாம் நிதானம் பொறுமையாக எடுத்துச் சொன்னார். இயக்குநர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும், ரிப்பனைத் தாண்டி யாரும் போகக்கூடாது என்று ஒரு தாளைக் கொடுத்துவிட்டு வேனில் ஏறினார். வயலோரம் ஒரு காவலாளை மட்டும் மடக்கு நாற்காலியோடு விட்டுவிட்டுப் போனார்கள்.

"பாதி வயல் போச்சு" என்றாள் மனைவி. "அவன் கையை உடைச்சு அடுப்புல வைக்கிறேன்."

"உன் தம்பிதானே."

"தம்பின்னா? வட்டமா போட்டிருக்கான் அவன்? முட்டை! ஒரு தச்சன் போடுற லட்சணமா அது?"

இந்தக் கடைசி வார்த்தையைத் தச்சன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுவிட்டான். கேட்காமல் இருந்திருக்கலாம். எல்லாம் அதிலிருந்துதான் கெட்டது.

செவ்வாய்க்கிழமை நிதானம் மச்சினனைக் கையோடு இழுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனார். பலகையும் கயிறும் முளைக்குச்சியும் சாட்சிக்குக் கூடவே போயின. நிலையம் மூன்று மாடி. வாசலில் பெரிய பலகை ஒன்று. தொழிற்சாலைகளில் விபத்து நடக்காத நாட்களை எழுதி வைப்பார்களே, அதுபோல. "இருபத்திரண்டு ஆண்டுகள். விளக்கம் காணப்பட்ட நிகழ்வுகள்: பூஜ்யம்." பூஜ்யத்தைப் புதிதாக வர்ணம் பூசி வைத்திருந்தார்கள்.

இயக்குநரின் அறை முழுக்கப் பச்சைக் கோப்புகள். தச்சன் மேசைமேல் பலகையை வைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். தபால்காரரின் கையெழுத்தோடு ஒரு சாட்சிக் கடிதமும் கொடுத்தான். இயக்குநர் அதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். முகம் வாடிப்போயிற்று.

"நீங்க நல்ல மனுஷன்னு நினைச்சேன்" என்றார் நிதானத்திடம். "இந்த நிலையத்தில் நூற்று நாற்பது பேர் வேலை பார்க்கிறோம். இருபத்திரண்டு வருஷமா ஒரு புதிரையும் நாங்கள் விடுவித்தது கிடையாது. ஒன்றுகூட! வேறு எந்தத் துறையாவது இப்படி ஒரு சாதனையைக் காட்டட்டும், பார்க்கிறேன். எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு தடவை சறுக்கினார். ஒரு கிணற்றிலிருந்து வந்த சத்தம் பம்ப் சத்தம் என்று ஒத்துக்கொள்ள இருந்தார். நல்ல வேளை, அதற்குள் ஓய்வு பெற்றார். இப்போது நீங்கள் ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறீர்கள்."

"சார், உண்மையைத்தானே சொல்றோம்."

"உண்மை பதிவு செய்ய இங்கே கட்டம் இல்லை ஐயா. கோப்பைப் பாருங்கள். 'விளக்கம் கிடைக்கவில்லை' என்று முதலிலேயே அச்சடித்து வருகிறது. தேதி மட்டும்தான் நாங்கள் போடுவது."

"அப்ப உண்மையை எங்க போய்ச் சொல்றது?"

"விளக்கம் ஏற்கும் பிரிவில்."

"அது எந்த மாடி?"

"இன்னும் ஆரம்பிக்கவில்லை. தேவை ஏற்படவில்லையே."

நிதானம் மேசைமேல் இருந்த பலகையைக் கையில் எடுத்தார். "சரி சார். போட்டுக் காட்டினா நம்புவீங்களா? உங்க கண் முன்னாடியே?"

இயக்குநர் மோவாயைத் தடவினார். "அறிவியலில் அதற்கு இடம் இருக்கிறது" என்று ஒப்புக்கொண்டார். "ஆனால் ஒன்று. உங்கள் வயலில் இருப்பது கோணல் வட்டம். ஒரு பக்கம் ஒரு சாண் இழுத்திருக்கிறது. மனிதன் போட்டால் சரியான வட்டமாகப் போடுவான். கோணலாக இருப்பதே மனிதன் போட்டதல்ல என்பதற்குச் சான்று என்று எங்கள் அளவையாளர் பத்துப் பக்கம் எழுதிவிட்டார்."

"போன வருஷம் வேற ஊர்ல ஒரு வட்டம் கிடைச்சுதே, அது கச்சிதமா இருந்துச்சுன்னு பேப்பர்ல போட்டீங்களே?" என்று தச்சன் கேட்டான்.

"ஆமாம். அவ்வளவு கச்சிதமாக மனிதனால் போட முடியாது."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நிதானம் மச்சினனுக்கு ஒரே பாடம்தான். "இதோ பாரு. நாளைக்கு நீ அதே மாதிரி கோணலா போடணும். அதே முட்டை. அதே ஒரு சாண். புரியுதா?"

"புரியுது மாமா."

"முளைக்குச்சியை லூசா அடி."

"சரி மாமா."

"உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்டா."

"அய்யோ விடுங்க மாமா, கோணலா போட எனக்குத் தெரியாதா?"

புதன்கிழமை நிதானம் வயலின் தெற்குப் பாதியில், ரிப்பன் கட்டாத நல்ல பயிரில், ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டுதான் கொடுத்தார். மூலை போனால் போகட்டும், மீதி பிழைக்குமே. நிலையத்தார் குடை பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். ரோட்டோரம் பாதி ஊர் கூடிவிட்டது. எலக்ட்ரீஷியன் மறுபடி கம்பத்தில் ஏறிவிட்டான்.

தச்சன் முளைக்குச்சியை லூசாகத்தான் அடித்தான். சுற்ற ஆரம்பித்தான். கால் வட்டம் வந்ததும் முளைக்குச்சி அசைந்தது. அப்போது கம்பத்து மேலிருந்து எலக்ட்ரீஷியன், "தச்சரே, இன்னைக்கும் முட்டைதானா?" என்று கத்தினான். கூட்டம் சிரித்தது.

அந்தச் சிரிப்பில்தான் நிதானத்தின் ஐந்து மாத உழைப்பு மாட்டிக்கொண்டது. தச்சன் நின்றான். காது சிவந்துவிட்டது. இருபது வருஷமாகக் கதவும் ஜன்னலும் மட்டம் பார்த்துச் செய்த கை அது. ஊரே பார்க்கக் கோணல் வேலை செய்வதென்றால் அவனுக்கு அம்மணமாக நிற்கிற மாதிரி. முளைக்குச்சியைப் பிடுங்கினான். பையிலிருந்து சுத்தியலை எடுத்தான். நாலு போடு போட்டு மறுபடி அறைந்தான்.

"டேய், வேண்டாம்டா!" என்று நிதானம் வரப்பிலிருந்து அலறினார். "லூசா விடுடா! உன் அக்காவை நினைச்சுப் பாருடா!"

தச்சன் யாரையும் நினைக்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு, கயிற்றை விறைப்பாக இழுத்துப் பிடித்து, அடிமேல் அடி வைத்துச் சுற்றினான். முக்கால் மணி நேரத்தில் வட்டம் முடிந்தது. என்ன வட்டம்! தட்டை வைத்து வரைந்தது மாதிரி. ஊர் கைதட்டியது. தச்சன் நெற்றி வேர்வையைத் துடைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை நிமிர்ந்து பார்த்தான். அப்புறம்தான் மாமாவின் முகம் கண்ணில் பட்டது.

"மாமா... கை கேக்கலை மாமா" என்றான் மெதுவாக.

அளவையாளர் நாடாவைப் பிடித்து அளந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு தச்சன் பக்கம் வந்தார். பெட்டி ஓயாமல் கீச் கீச் என்று கத்தியது. தச்சன் பையில் ஒன்றரைக் கிலோ ஆணி இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

இயக்குநர் கூட்டத்தைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். "நண்பர்களே, இன்று மூன்று உண்மைகள் உறுதியாகிவிட்டன. முதலாவது, இவர் போட்டது சரியான வட்டம். வயலில் ஏற்கெனவே இருப்பது கோணல். ஆகவே அதை இவர் போடவில்லை. இரண்டாவது, இவ்வளவு கச்சிதமான வட்டத்தைப் பயிற்சி இல்லாத ஒரு மனிதன் முக்கால் மணி நேரத்தில் போட முடியாது. ஆகவே இதையும் இவர் போடவில்லை. இவர் வழியாக ஏதோ ஒன்று போட்டிருக்கிறது. மூன்றாவது, இவர் உடம்பிலேயே அதன் பாதிப்பு இருக்கிறது. கருவி பொய் சொல்லாது."

"நாந்தாங்க போட்டேன்!" என்று தச்சன் நெஞ்சில் அடித்துக்கொண்டான்.

"பாவம்" என்றார் இயக்குநர். மாலைக்குள் தெற்குப் பாதியிலும் ரிப்பன் கட்டிவிட்டார்கள். மிச்சமிருந்த ரிப்பனில் ஒரு துண்டு தச்சன் மணிக்கட்டிலும் ஏறியது. அதில் ஒரு எண் எழுதியிருந்தது. அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான். கொஞ்சம் பெருமைகூடப் பட்டான் என்று அவன் அக்காள் பின்னால் குற்றம் சாட்டினாள்.

வியாழக்கிழமை நிதானம் போகாத இடமில்லை. போன இடத்திலெல்லாம், புதிர் என்றால் அது நிலையத்தின் பொறுப்பு என்றார்கள். புதிர் இல்லை என்றால், முதலில் புதிர் இல்லை என்று நிலையத்திடம் எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. மேகம் மேற்கே கருத்துக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அறுவடை இயந்திரம் உறுமிக்கொண்டு வந்து நின்றது. ஓட்டுகிறவள் வாட்டசாட்டமான ஒரு பெண். கீழே எட்டிப் பார்த்து, "என்ன அண்ணே, ரிப்பன் கட்டி வெச்சிருக்கீங்க, திறப்பு விழாவா?" என்றாள்.

நிதானம் அவளைப் பார்த்தார். மேகத்தைப் பார்த்தார். ரிப்பனைப் பார்த்தார். அப்புறம், இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டிராத ஒரு குரலில் கத்தினார். "அறுடி தங்கச்சி! ரிப்பனோட சேர்த்து அறு! வட்டம், முட்டை, எல்லாத்தையும் வழிச்சு எடு! என் வயல் இது! நான் விதைச்சேன்!"

மனைவி வாயில் கையை வைத்துக்கொண்டாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவர் இவ்வளவு அழகாக இருந்து அவள் பார்த்ததில்லை.

மத்தியானம் மூன்று மணிக்குள் வயல் மொட்டை. படுத்த பயிரைக்கூட அந்தப் பெண் கத்தியைத் தாழ்த்தி வழித்து எடுத்துவிட்டாள். காவலாள் மடக்கு நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவேயில்லை. நிதானத்துக்கே பொறுக்காமல், "எதாவது எழுதிக்கணும்னா எழுதிக்கப்பா, நான் ஒண்ணும் ஒளிக்கலை" என்றார்.

காவலாள் நோட்டைத் திறந்து காட்டினார். "மூணு கட்டம்தாங்க இருக்கு. விளங்காத ஒளி, விளங்காத ஒலி, விளங்காத நடமாட்டம். உங்க மெஷின் நல்லாவே விளங்குது. நான் எதுல எழுதட்டும்? ஒண்ணுமில்லைன்னு போட்டுட்டேன்."

சனிக்கிழமை சொன்னபடி மழை கொட்டியது. கோதுமை முழுக்க மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் காய்ந்தபடி இருந்தது. நிதானம் வெகுநாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார். கை கழுவிக்கொண்டிருக்கும்போது வெள்ளை வேன் வந்து நின்றது.

இயக்குநர் மொட்டை வயலைப் பார்த்து நனைந்துகொண்டே நின்றார். கண்ணில் தண்ணீர், மழையா அழுகையா என்று சொல்ல முடியவில்லை. "முழுப் பயிரும்..." என்றார். "ஒரே பகலில். காவலாள் விழித்திருக்கிறார். குறிப்பேட்டில் ஒன்றுமில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒன்று நடந்ததில்லை!"

"நான் அறுத்துட்டேன் சார்."

"அப்படித்தான் உங்களுக்குத் தோன்றும்."

"தோணறதா? வாங்க!" என்று கோட்டுக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கொட்டகைக்கு அழைத்துப் போனார் நிதானம். "இதோ இருக்கு, பாருங்க! தொட்டுப் பாருங்க! இது என்ன?"

இயக்குநர் மூட்டைகளைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "ஒரு இடத்தில் மறைந்து, இன்னொரு இடத்தில் தோன்றியிருக்கிறது!" என்றவர் திரும்பி, "ரிப்பன்!" என்று கூப்பிட்டார்.

மனைவி குறுக்கே வந்து கொட்டகை வாசலில் நின்றாள். "ஐயா, ரிப்பனைக் கட்டினா எப்ப அவிழ்ப்பீங்க?"

"விளக்கம் கிடைத்ததும்."

"அதாவது, எப்பவும் இல்ல. வேற வழி?"

வழி இருந்தது. ஏழாம் எண் படிவம். 'மேற்படி பொருள் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது' என்று ஒரே வரி. கையெழுத்துப் போட்டால் நிலையம் ஒரு பிடியை மட்டும் சோதனைக்கு எடுத்துக்கொண்டு, மீதியைக் கண்டெடுத்தவரிடமே விட்டுவிடும். தெரியும் என்று பிடிவாதம் பிடித்தால் ரிப்பன்.

"தெரியுமே!" என்றார் நிதானம். "எனக்குத் தெரியுமே சார்! உழுதது தெரியும், விதைச்சது தெரியும், இந்த முதுகு வலிக்குதே அது தெரியும். எப்படித் தெரியாதுன்னு போடுவேன்?"

"போடுங்க" என்றாள் மனைவி தணிந்த குரலில். "உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இவங்களுக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? கோதுமை வீட்டுல இருக்கு. போட்டுட்டு அனுப்பிவிடுங்க."

பேனாவை வாங்கினார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன். போட்டார். இயக்குநர் படிவத்தை மடித்து மார்போடு வைத்துக்கொண்டு, "ஒத்துழைப்புக்கு நன்றி. பிரதிகளை எல்லா இடத்துக்கும் நாங்களே அனுப்பிவிடுவோம், உங்களுக்குச் சிரமமில்லை" என்றார். வேன் கிளம்பும்போது, பின்பக்க ஜன்னலில் தச்சன் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. மாதத்துக்கு இரண்டு நாள் பரிசோதனைக்கு வரவேண்டுமாம். கையை ஆட்டினான்.

திங்கட்கிழமை நிதானம் டிராக்டரில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மாவு ஆலைக்குப் போனார். அவருக்குப் பின்னால் பதினைந்து வண்டி நின்றது. கொள்முதல் எழுத்தர் மரியாதையான ஆள். ஒரு மூட்டையைப் பிரித்துப் பார்த்து, "அருமையான மணி சார், இந்த வருஷம் இப்படி நான் பார்க்கலை" என்றார். பெயரைக் கேட்டார். கேட்டதும் எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்தார். ஏழாம் எண் படிவத்தின் பிரதி.

"சார், இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா."

"எப்படி வந்ததுன்னு தெரியாதுன்னு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க. எங்கேருந்து வந்ததுன்னு தெரியாத தானியத்தை நாங்க எடுக்கக்கூடாது சார். ஜனங்க சாப்பிடற பொருள் இல்லையா?"

"அது சும்மா போட்டது தம்பி. என் வயல்ல விளைஞ்சது. நான் விதைச்சேன்."

"நான் நம்பறேன் சார். சத்தியமா நம்பறேன். நிலையத்துலேருந்து ஒரு விளக்கம் மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க, உடனே எடை போட்டுடலாம்."

பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. யாரோ, "பெரியவரே, வண்டியை எடுங்க, தகராறு வேண்டாம்" என்றார்கள். நிதானத்துக்குக் கத்தவும் தெம்பில்லை. கத்தினால் யாரைப் பார்த்துக் கத்துவது? இந்த ஆள் நல்லவன். நல்லவனாக இருக்கிறானே என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பிரித்த மூட்டையிலிருந்து இரண்டு கையாலும் கோதுமையை அள்ளி வந்து, அந்தப் படிவத்தின் மேலேயே கொட்டினார்.

"இதாம்ப்பா விளக்கம்" என்றார். "இதுக்கு மேல என்கிட்ட ஒண்ணும் இல்ல."

எழுத்தர் பதறிப்போனார். "சார், சார், இங்க கொட்டாதீங்க, உள்ள இருக்கிற சரக்கோட கலந்துடும்." மேசை விளிம்பில் கையை அணைகட்டி, மணிகளை ஒன்றுவிடாமல் வழித்தார். கீழே உருண்டதைக் குனிந்து பொறுக்கினார். எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் பொட்டலம் கட்டி, நிதானத்தின் கையில் பணிவாகக் கொடுத்தார். நிதானம் வாங்கிக்கொண்டு வெளியே வந்து டிராக்டரில் ஏறினார்.

வண்டி வாசலைத் தாண்டும்போது பின்னால் யாரோ மூச்சிரைக்க ஓடி வரும் சத்தம். எழுத்தர்தான். ஒருவேளை மனசு மாறியிருக்குமோ என்று நிதானம் அவசரமாக வண்டியை நிறுத்தினார்.

எழுத்தர் கையை நீட்டினார். உள்ளங்கையில் ஒற்றை கோதுமை மணி.

"இது ஒண்ணு விட்டுப்போச்சு சார்."